பலகையில் வைத்த புடவை

மணவூரிலிருந்து கிளம்பி, திருத்தணி மலையடிவாரத்தில் கல்யாணத்துக்கு எடுத்திருந்த சத்திரத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. பத்தரைக்கு மலைமேல் தாலி கட்டு. 1974 ஆவணி.

என் அக்கா அம்சாவுக்கு முப்பத்து நாலு வயது. இருபத்தைந்து என்று சொல்லித்தான் பேசி முடித்திருந்தோம். வயது தெரிந்து இரண்டு வரன் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அவளுக்கு இனிக் கல்யாணமே இல்லை. பொய் சொன்னது நான்தான். அதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை. அவள் நின்றால் அவளுக்குப் பின்னால் நானும் நிற்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை வரதராஜன் பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்தார். அவருடைய முதல் சம்சாரம் மணியம்மை இருபத்திரண்டு வயதில் செத்துப்போனவள்.

மாப்பிள்ளையின் அக்கா கெங்கம்மாள் வந்ததும் வராததுமாக அம்சாவை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பொண்ணுக்குக் கண்ணாண்ட இவ்ளோ சுருக்கம்? நல்லா ஜோடிச்சிக் கூட்டினு வாங்க."

நாங்கள் கொண்டுவந்த பச்சைப் புடவை அக்காவுக்கு இன்னும் ஐந்து வயதைக் கூட்டியது. பவுடரை அப்பினேன். அது சுருக்கங்களில் கோடு கோடாக நின்றது. எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

பக்கத்து அறையில், சுமங்கலியாகச் செத்த மணியம்மைக்குப் பூவாடை படைக்க எல்லாம் தயாராக இருந்தது. பலகையில் புதுப் புடவை, மல்லிகை, குங்குமம், வளையல். கற்பூரம் ஏற்றி, அவளிடம் உத்தரவு கேட்ட பிறகுதான் அதை யாரும் தொடலாம். இன்னும் ஏற்றவில்லை. புடவை ரோஜா நிறம். கட்டுகிறவளை இருபதாகக் காட்டும் நிறம்.

எடுத்துவிட்டேன்.

"வேணாம்டி சந்திரா, அது அந்தம்மாவுது," என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"செத்தவளுக்கு எதுக்குப் புடவ? சும்மா நில்லு."

கொசுவம் வைக்கும்போதே ஈர மண் வாசனை அடித்தது. புதுப் புடவையின் மடிப்புக்குள் உடம்புச் சூடு இருந்தது. பலகையிலிருந்த குங்குமத்தையே இட்டு, பூவையும் வைத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் தலையைச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

அக்கா ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"வளையல் எங்க?" என்றாள்.

கீச்சென்ற குரல். அக்காவுக்குக் கட்டைக் குரல்.

ஈரத் துண்டால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தேன். பவுடர் வந்தது. மை வந்தது. குங்குமம் வந்தது.

சுருக்கம் திரும்பி வரவில்லை.

அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னக் கேக்காம நீ எடுத்தே. உன்னக் கேக்காம நான் எடுத்துகினேன்."

அழைத்துப்போக வந்த வரதராஜன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போய், "மணி..." என்றார்.

"வந்துட்டேன் பாவா. போலாம் வா."

கூடத்தில் கெங்கம்மாளின் குரல் கேட்டது. "அடேயப்பா, இருபதுகூடச் சொல்ல முடியா..." அது பாதியில் நின்றது. யாரும் தடுக்கவில்லை. மேளச் சத்தம் மெல்ல மலையேறிப் போனது.

என் கையில் அந்த ஈரத் துண்டு. ஆளில்லாத பக்கத்து அறையில், புடவை இல்லாத பலகைப் பக்கமிருந்து, கட்டைக் குரலில் யாரோ அழுதார்கள்.

"சந்திரா, குளுருதுடி... எனக்கு எதனா ஒரு புடவ குடு."