இடது முன்சக்கரம், பத்தொன்பது

புது சென்சார்கள் இருந்த டப்பாவைப் பத்மகுமார் இன்னும் பிரிக்கவேயில்லை. அதற்குள் கையிலிருந்த கருவி ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

கரமனை வீட்டின் கார் ஷெட்டில் அவன் குந்தியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, மணி நாலுகூட ஆகவில்லை. ஆனாலும் ஐப்பசி மழை பகலை அணைத்துவிட்டிருந்தது. தகரக் கூரையில் விடாமல் சத்தம், ஓடை நிறைந்து முற்றத்தில் வழிகிற சத்தம், ஈர ஓட்டு வாசனை, அதற்கடியில் வேறொரு வாசனை, ஆற்றுச் சேறுபோல.

தீப்பெட்டி அளவுக் கருவிதான். டயர் வால்வில் மூடிக்குப் பதிலாகச் சென்சாரைத் திருகினால் காற்று எவ்வளவென்று எண்ணில் காட்டும், குறைந்தால் கத்தும். மச்சினன் அழகியநம்பி துபாயிலிருந்து ஆசையாக வாங்கிவந்தது. போன வருடம் அத்தானின் பழைய காரை எடுத்துக்கொண்டு பொன்முடிக்குப் போனவன், கல்லாற்று வளைவில் ஆற்றுக்குள் இறங்கினான். அந்தக் கார் நான்கு சென்சார்களோடும் மலையடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் கொடி படர்ந்து கிடக்கிறது. கருவி மட்டும் அவனுடைய கைக்கடிகாரத்தோடு ஓர் உறைக்குள் திரும்பி வந்தது. நாளை நாகர்கோவிலில் முதல் திவசம். தம்பி தந்ததைப் புதுக் காரில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று மனைவி பகவதி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

பழைய சக்கரங்களையும் அளவுகளையும் அது மறக்க வேண்டுமானால் ரீசெட் பொத்தானை ஐந்து விநாடி அழுத்த வேண்டும். அழுத்தினான். திரை வெறுமையானது. பிறகு தானாகவே ஒரு சக்கரம் மினுங்கியது.

இடது முன்சக்கரம். பத்தொன்பது.

பத்மகுமாருக்குப் பயம் வரவில்லை. ஒரு வருடமாக எதுவுமே வருவதில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பவன் மாதிரி ஆபீசுக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். ஆனால் அந்த எண்ணை அவனுக்குத் தெரியும். உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அன்றும் ஞாயிறு. நாலரைக்கு ராகுகாலம். பகவதி நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள், நம்பி ஏறி உட்கார்ந்துவிட்டான், அப்போது பார்த்துக் கருவி கத்தத் தொடங்கியது. முப்பது இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது. பம்புக்குப் போய்க் காற்றடித்துத் திரும்பினால் நாலரை தாண்டிவிடும். புறப்படுகிற நேரத்தில் ஒன்று இப்படிக் கத்துவதே அபசகுனம் என்று மனைவி முகம் சுருங்கியது. பத்மகுமார் ரீசெட்டை அழுத்தினான். பத்தொன்பதையே சரியான அளவென்று கருவி எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. "சரியாயிட்டு, போ நம்பி" என்றான். காற்றை நிரப்பிய பிறகே அழுத்த வேண்டும் என்று அதன் காகிதத்தில் முதல் வரியாகவே போட்டிருந்தது. படித்தவன்தான்.

கேட்டவர்களிடமெல்லாம், கார் சரியாகத்தான் இருந்தது என்றான். பையன் குடித்திருப்பான் என்று ஊர் முடிவு செய்தது.

கருவி மறுபடி ஒலித்தது. வலது முன்சக்கரம், முப்பது. பின்னால் இரண்டு, முப்பது, முப்பது. நான்கும் வந்துவிட்டன.

சக்கரம் உருண்டால்தான் அந்தச் சென்சார் விழிக்கும். பத்து மீட்டருக்குள் இருந்தால்தான் கருவிக்குக் கேட்கும்.

பத்மகுமார் கேட்டைப் பார்த்தான். தாழ் போட்டிருந்தது. தெருவில் ஒரு குடைகூட இல்லை. மழைச் சத்தத்துக்குள்ளிருந்து, மெதுவாக, காற்றிறங்கிய ரப்பர் ஈரத் தரையில் அறைகிற சத்தம். தப். தப். தப். கேட்டருகே வந்து நின்றது.

"இன்னும் முடியலியா?" பகவதி பையோடு வந்தாள். பின்னாலேயே ஆறு வயது மகள் ஸ்வப்னா ஓடிவந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். "மணி நாலேகால் ஆச்சு, கேட்டியளா? ராகுகாலம் வந்துரும்."

அவள் குனிந்து ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் ஒரு பழம் வைத்தாள். அப்போது கருவி கத்தத் தொடங்கியது. நீளமாக. நிறுத்தாமல்.

பகவதி நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டாள்: "அண்ணைக்கும் இது இப்பிடிக் கத்துச்சா?"

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல" என்றான்.

"தம்பி குடிச்சிட்டு ஓட்டினான்னு சொல்லுகாவ. அம்மைக்கி நாளைக்கி எல்லாரு முகத்திலயும் முளிக்கணும். வண்டியில கொறையிருந்துச்சுன்னு ஒரு ஆளு சொன்னாப் போதும், அவளுக்குச் சோறு எறங்கும்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அத நிறுத்துங்க. பொறப்படும்போ கத்தப்பிடாது."

அவன் விரல் தானாகவே போனது. ஐந்து விநாடி. சத்தம் அடங்கியது. பச்சை விளக்கு. பத்தொன்பது. புது சென்சார் டப்பா பிரிக்கப்படாமல் தரையிலேயே கிடந்தது. அவன் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அப்பா, மாமன் வருந்நில்லே?" மாமா வரவில்லையா என்று பள்ளிக்கூட மலையாளத்தில் கேட்டாள் ஸ்வப்னா. பகவதி, "சும்மா இரி மக்களே" என்று சொல்லிவிட்டுப் போய்க் கேட்டைத் திறந்தாள். திரும்பி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

கார் நகர்ந்தது. நான்கு பழமும் ஒரேயடியாக நசுங்கின. எலுமிச்சை வாசனை கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது.

வண்டி தெருவுக்கு வந்ததும், பின்னால், ஆளில்லாத ஷெட்டில், இன்னும் நான்கு பழம் நசுங்கின.

பகவதிக்குக் கேட்கவில்லை. குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்துக் கையசைத்தது.

எஞ்சினை அணைக்காமலே பத்மகுமார் இறங்கினான். கேட்டைப் பூட்ட வேண்டும். எதையும் பார்க்க வேண்டாம். பூட்டிவிட்டு வந்து ஏற வேண்டும், அவ்வளவுதான். மழை முதுகில் இறங்கியது. ஷெட் காலி. சிமெண்ட் தரையில் சேறு. சேற்றில் இரண்டு வரிசை டயர் தடம், ஒன்று அகலமாக, தொய்ந்து. அதன் ஓரமாகச் செருப்பில்லாத கால் தடங்கள். ஈரமானவை. ஷெட்டிலிருந்து வெளியே வந்தவை.

அவன் தோளை ஒட்டியே தாண்டிப்போயிருந்தன.

காரின் கதவு சாத்துகிற சத்தம்.

திரும்பினான். கியர் விழுந்தது. கார் நகர்ந்தது. இடது முன்சக்கரம் தரையில் அறைந்தது. தப். தப்.

"பகவதி!" ஓடினான். "எறங்கு! கத்திச்சு! அண்ணைக்கும் கத்திச்சு! நாந்தான் நிறுத்தினேன்! நாந்தான்!"

மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். கார் வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தெரிந்தது: பகவதி டிரைவர் சீட் பக்கம் முகம் திருப்பி, ஒரு வருடமாக அவன் பார்க்காத சிரிப்பைச் சிரித்து, எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பின் சீட்டிலிருந்து ஸ்வப்னா எழுந்து நின்று யாருடைய கழுத்தையோ கட்டிக்கொண்டிருந்தாள்.

பத்மகுமார் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்தான். பத்து மீட்டர் எப்போதோ தாண்டிவிட்டது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பதினெட்டு.

பதினைந்து.

பதினொன்று.

சத்தமே இல்லை.