இருபத்திரண்டாம் நம்பர் குழாய்

அன்று காலை தம்பி செய்தித்தாளைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். போன வாரம் முடிந்த நகைக்கடை வழக்கைப் பற்றி அரைப் பக்கச் செய்தி வந்திருந்தது. படத்தில் அக்கா மட்டும்தான் இருந்தாள். பின்பக்க ஜன்னல் கம்பி புதியது என்பதை முதலில் கவனித்தவன் தம்பி. அதற்கு அவனுக்குக் கிடைத்தது, கடைசி வரியில் "உதவியாளர் ஒருவர்" என்ற இரண்டே சொற்கள். வயிறு எரிந்தது. எரிந்தாலும், அக்கா துப்பறிந்த வழக்குகளை ஆல்பத்தில் ஒட்டி வைப்பது இந்த வீட்டில் அவன் வேலை. பசையைக் கொஞ்சம் அழுத்தியே, படத்தின் மேலும் வழியும்படி தேய்த்து ஒட்டி முடித்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, அழுது வீங்கிய கண்களோடு. பக்கத்தில் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் கணவர்.

"நான் இதய ஆஸ்பத்திரியில பம்ப் ஓட்டுறவ. இவரும் அங்கதான், அதே வேலை" என்றாள்.

அக்கா அவர்களை உட்கார வைத்து நிதானமாகக் கேட்டாள். அறுவைக்காக இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில், உடம்பின் ரத்தத்தை ஒரு குழாயில் வெளியே எடுத்து, மெஷினில் பிராணவாயு ஏற்றி, இன்னொரு குழாய் வழியாகத் திருப்பி அனுப்புவது அந்தப் பெண்ணின் வேலை. திருப்பி அனுப்பும் குழாய் நோயாளியின் உடம்புக்கு ஏற்ற பருமனில் இருக்க வேண்டும். குழாய் சிறுத்துப் போனால் ரத்தம் போதாமல் ஆளே போய்விடலாம்.

"மூணு நாள் முன்னாடி தொண்ணூறு கிலோ ஆளுக்கு ஆபரேஷன். ஏழு மணிக்கு இருபத்திரண்டாம் நம்பர் குழாய் பாக்கெட்டை நானே படிச்சுப் பார்த்து, நர்ஸுக்கும் சத்தமா சொல்லி, தள்ளுவண்டியில வெச்சேன். ஆனா நெஞ்சைத் திறந்தப்புறம் பாக்கெட்டைப் பிரிச்சா அது பதினெட்டாம் நம்பர்! நல்லவேளை, இவர் பார்த்துட்டுக் கத்தினார். ஸ்டோருக்கு ஓடிப் போய்ச் சரியான குழாயைக் கொண்டுவந்தாரு. இவர் மட்டும் இல்லைன்னா..."

"நடுவுல நீங்க எங்க போனீங்க?"

"எங்கயும் போகல. மெஷின்ல திரவம் நிரப்பிக் காற்றுக் குமிழியை விரட்டிக்கிட்டிருந்தேன். இருபது நிமிஷம் அதுலேர்ந்து கண்ணை எடுக்கக் கூடாது. தள்ளுவண்டி எனக்கு முதுகுப்பக்கம். அந்த நேரத்துல உள்ளே வந்தது நர்ஸ், கையுறை கொண்டுவந்த ஸ்டோர்க்காரர், அப்புறம் இவர்."

"உங்க மேல யாருக்காவது கோபம்?"

"ஸ்டோர் ஒழுங்கா இல்லைன்னு அவரைப் பத்திப் புகார் எழுதியிருந்தேன். நர்ஸோட ஒரு தடவை வாய்ச்சண்டை. மூணு மாசம் முன்னாடி என்னைப் பிரிவுக்குத் தலைவியா போட்டாங்க. அதுலேர்ந்து எல்லார் முகமும் கொஞ்சம் மாறித்தான் இருக்கு. நானும் இவரும் ஒரே வகுப்பு, ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க."

"வீட்டுல எப்பவோ தலைவி ஆயிட்டா. ஆஸ்பத்திரிக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது" என்று கணவர் சிரித்தார். அவளும் கண்ணீரோடு சிரித்தாள்.

"இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணைக் குழு. என் கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்கன்னா நான் இனிமே எந்த ஆஸ்பத்திரியிலயும் மெஷினைத் தொட முடியாது. எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா."

பதினொரு மணிக்கு அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஸ்டோர்க்காரர் அறைக்குள்ளேயே கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

"பொருள் கெடக் கூடாதுன்னு இப்படிக் குளிர வைக்கிறாங்க. பத்து நிமிஷம் நின்னா பல்லு தந்தியடிக்கும்" என்றார். குழாய் கேட்டு அன்று யாராவது ஓடி வந்தார்களா என்று அக்கா கேட்டாள். "நான் டீ குடிக்கப் போயிருந்தேன். கதவுப் பூட்டு நம்பர் எல்லாருக்கும் தெரியும்." புகாரைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது.

"இவர்தான்" என்று வெளியே வந்ததும் தம்பி கிசுகிசுத்தான். "முகத்தைப் பார்த்தியா?"

"முகத்தைப் பார்த்தேன். குழாயை இன்னும் பார்க்கலையே" என்றாள் அக்கா.

எதைச் சொன்னாலும் இப்படி ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பாள். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான்.

நர்ஸ் நோயாளியின் தாளை எடுத்துக் காட்டினாள். பிரித்த ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் நம்பர் அச்சிட்ட லேபிளை உரித்து அதில் ஒட்டுவது வழக்கம். பதினெட்டின் லேபிள் பளிச்சென்று இருந்தது. இருபத்திரண்டின் லேபிளைத் தொட்ட தம்பியின் விரல் ஒட்டிக்கொண்டது. ஓரமெல்லாம் பசை கசிந்து தூசி படிந்திருந்தது.

"அம்மா, உங்க கை ஈரமா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ரெண்டையும் ஒரே கையாலதான் ஒட்டினேன். அது உரிக்கும்போதே வழுக்கிக்கிட்டு வந்துச்சு" என்றாள் நர்ஸ், பட்டென்று.

அக்கா தம்பியை ஒருமுறை பார்த்தாள். அறுவை அறையைச் சுற்றி வந்தாள். மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. உள்ளே சலைன் புட்டிகளும் போர்வைகளும். நோயாளிக்குக் குளிராமல் இருக்க எல்லாவற்றையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் அலமாரி அது.

பெரிய டாக்டர் இரண்டு நிமிடம்தான் கொடுத்தார். "பம்ப் மேடம் நல்ல ஆள்தான். ஆனா லேபிள் பொய் சொல்லுமா? அவங்க வீட்டுக்காரரைத்தான் பாராட்டணும். அடுத்த தலைவர் அவர்தான்னு குழுவுல நானே சொல்லப்போறேன். அவர் கொண்டுவந்த குழாய் ஒரு தடவைகூட முரண்டு பண்ணல, சொன்னபடி வளைஞ்சுது."

மூன்று மணிக்கு எல்லோரும் டாக்டரின் அறையில் கூடினார்கள். அக்காவின் கையில் பிரிக்காத இரண்டு பாக்கெட்டுகள் இருந்தன.

"டாக்டர், கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் வளைச்சுப் பாருங்க. அன்னிக்கு உங்க கைக்கு வந்தது எந்த மாதிரி?"

டாக்டர் முதல் பாக்கெட்டை வளைத்தார். குச்சி மாதிரி விறைத்து நின்றது. இரண்டாவது சட்டென்று குழைந்தது. "இதுதான்."

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர். விறைப்பா இருக்கிறது இப்பத்தான் ஸ்டோர்லேர்ந்து வந்துச்சு. குழைஞ்சது ரெண்டு மணி நேரமா அந்தச் சூட்டு அலமாரியில இருந்துச்சு. இதைத் தொட்டுப் பாருங்க, லேபிள் பசை இளகியிருக்கு. நோயாளியோட தாள்லயும் இருபத்திரண்டு மட்டும்தான் இளகியிருக்கு. அதைக் கண்டுபிடிச்சது என் தம்பி."

தம்பியின் நெஞ்சு நிமிர்ந்தது. அறை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் மட்டும் பார்க்கவில்லை.

"அந்தக் குழாய் ஸ்டோர்லேர்ந்து ஓடி வரல. மேடம் ஏழு மணிக்குப் படிச்ச அதே பாக்கெட், காலையிலேர்ந்து அறைக்குள்ளயே இருந்துச்சு. ஸ்டோர்லேர்ந்து கொண்டுவந்தேன்னு சொன்னது ஒரே ஆள்." அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "ஒளிச்சு வைக்க அந்த அறையில எத்தனையோ மூலை இருக்கு. ஆனா நீங்க தொழில் தெரிஞ்சவர். விறைச்ச குழாயைப் போட நேரமாகும், நோயாளிக்கு ஆபத்துன்னு தெரியும். அதனாலதான் சூடா வெச்சீங்க. அந்த நல்ல மனசுதான் உங்களைக் காட்டிக்கொடுத்துச்சு."

கணவர் மடியிலிருந்த மனைவியின் கைப்பையை மேஜைமேல் வைத்தார்.

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். "அவங்க தொடுறதுக்கு முன்னாடியே நான் கத்திட்டேன். படிக்கிறப்ப இவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மூணு மாசமா எல்லாரும், 'மேடம் வந்தாச்சா சார்'னு என்கிட்ட கேக்குறாங்க. ஒரே ஒரு நாள், 'நல்லவேளை நீங்க இருந்தீங்க'ன்னு யாராவது சொல்லணும்னு ஆசைப்பட்டேன்."

"நான் சொன்னேனேங்க" என்றாள் அவள். "மூணு நாளா எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"முன்பின் தெரியாத நோயாளிக்குக் குழாய் விறைக்கக் கூடாதுன்னு பார்த்தீங்க. எனக்கு என்ன ஆகும்னு பார்க்கலையா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு டாக்டரோடு குழு அறைக்கு நடந்தாள். நாலரை மணிக்கு வெளியே வந்து, அடுத்த வாரம் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் இருக்கிறது, பம்ப் நானே ஓட்டப்போகிறேன் என்று மட்டும் சொன்னாள். கணவரைப் பற்றி அக்காவும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் தம்பிக்கு அடங்கவில்லை. "பசை சரி, குழாய் சரி. ஆனா நீ காலையிலயே அவரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தே. கூடவே வந்து பையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மனுஷன் மேல எப்படிக்கா சந்தேகம் வரும்?"

"கூட நின்னு கை தட்டுறவங்களுக்கும் வயிறு எரியும்டா."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில ஆல்பத்தைப் பார்த்தேன். என் மூஞ்சி மேல ஒரு இஞ்சுக்குப் பசை."

தம்பிக்குக் காது சுட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"எப்பலேர்ந்துக்கா தெரியும்?"

"முதல் படத்துலேர்ந்து" என்றாள் அக்கா.