ஒரு சாண் விட்டு ஒரு பாதை

அந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. நெடுநெடுவென்று வளர்ந்தவன் ஒட்டகம். சுருக்கென்று கோபம் வருகிற குட்டிப் பையன் மிளகு. வாயை மூடவே தெரியாதவள் வானொலி.

அவளுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியும் அவள் ‘அந்தப் புதுப் பொண்ணு’தான்.

ஐந்து மாதத்துக்குப் பிறகும் ஒருத்தி எப்படிப் புதுசாகவே இருக்க முடியும் என்று அவளுக்குப் புரியவில்லை. அவளுடைய காலணிகள்கூடப் பழசாகிவிட்டன.

ஜன்னலோர பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாம். ஒரு பாதியில் அவள் உட்காருவாள். மறு பாதியில் அவளுடைய பை உட்காரும். பை நல்ல பைதான். ஆனால் பேசாது.

ஒருநாள் ஓவிய டீச்சர் ஒரு வேலையோடு வந்தார்.

“குழந்தைகள் பல் ஆஸ்பத்திரியில படம் கேட்டிருக்காங்க. பல் பிடுங்க வர்ற பிள்ளைங்க வெறும் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுதாம். அதனால வாசல்ல ஆரம்பிச்சு டாக்டர் அறை வரைக்கும் ஒரு பாதை வேணும். விரலை வெச்சு அதுலயே நடந்து போகணும். நடுவுல எங்கயும் விட்டுப்போகக் கூடாது. நாலு அட்டை, நாலு பேர்.”

ஒட்டகம், மிளகு, வானொலி மூவரும் உடனே கை தூக்கினார்கள். நான்காவதாக டீச்சர் ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

மூவரும் தண்ணீர்க் குழாயடியில் நின்று திட்டம் போட்டார்கள். அவள் சற்றுத் தள்ளி நின்று, யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்தாள். மணி அடித்துவிட்டது. ஓடுகிற ஓட்டத்தில் வானொலி மட்டும் திரும்பிச் சொன்னாள்.

“உன்னுது கடைசி அட்டை. மேலேர்ந்து ஒரு சாண் விட்டுப் பாதை போடு. மறந்துடாத.”

அந்த மாதம் பள்ளியில் யாரும் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவள் மறக்கவே இல்லை.

வீட்டில் அடுக்களைத் தரையில் அட்டையை விரித்தாள். அம்மா சலவை நிலையத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அட்டையை மிதிக்காமல் சுவரோரமாக நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது, நடக்க இடமில்லாம?”

“நாலு பேர் சேர்ந்து படம் வரையறோம்மா.”

“மத்த மூணு பேர் எங்க?”

“அவங்கவங்க வீட்டுல.”

“அப்புறம் எப்படி அது சேர்ந்து வரையறது?”

அவள் சுருண்ட அட்டையின் ஓரத்தைக் கையால் நீவினாள். அம்மா அவள் தலையை வருடிவிட்டுக் கிளம்பினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நன்றாக விரித்து, மேலிருந்து ஒரு சாண் அளந்தாள். அங்கே மஞ்சள் பாதை போட்டாள். சுற்றிலும் பற்களைப் போல வெள்ளை வெளேர் என்று வீடுகள். பாதையில் ஒரே ஒரு சிறுமி.

படங்களை எடுத்துப்போகும் நாள் வந்தது. டீச்சர் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சாப்பாட்டு வேளையிலேயே நால்வரும் தாழ்வாரத்தில் அட்டைகளை வரிசையாக வைத்தார்கள்.

வைத்ததும் நால்வர் முகமும் தொங்கிப்போயிற்று.

ஒட்டகத்தின் பாதை கீழே கிடந்தது. மிளகின் பாதை மேலே ஓடியது. வானொலியின் பாதை இரண்டுக்கும் நடுவே போயிற்று. புதுப் பெண்ணின் பாதை மறுபடி மேலே ஏறி நின்றது. ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை.

“ஒரு சாண்னுதான பேசினோம்?” என்றான் மிளகு. “நான் சரியா அளந்தேன்.”

“அப்ப நான் மட்டும் தப்பா?” என்றான் ஒட்டகம்.

“நீ எப்பவாவது சரியா செஞ்சிருக்கியா? இதோ, இந்தப் பொண்ணும் சரியா செய்யல. இவளைச் சேர்த்ததே தப்பு. டீச்சர்கிட்ட சொல்லி மூணு அட்டையா மாத்திடலாம்.”

அவள் தன் அட்டையின் ஓரத்தைப் பிடித்தாள். அட்டையைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலோரத்துக்கே போய்விடலாமா? அங்கே பை காத்திருக்கும்.

ஆனால் அவள் சரியாகத்தான் அளந்திருந்தாள். மிளகும் சரியாக அளந்ததாகச் சொல்கிறான். ஒட்டகமும் சொல்கிறான்.

“ஒட்டகம், உன் கைய இங்க வை” என்றாள் மெதுவாக.

“எதுக்கு?”

“வையேன்.”

அவன் விரல்களை விரித்துத் தன் அட்டையில் வைத்தான். மேல் விளிம்பிலிருந்து சரியாகப் பாதை வரை வந்தது. அவன் கைக்குள்ளேயே அவள் தன் கையை விரித்து வைத்தாள். நான்கு விரல் அகலம் குறைந்தது.

மிளகும் குனிந்து கை வைத்தான். வானொலியும் வைத்தாள். அந்தப் பள்ளியில் இன்னொருவர் கை அவள் கைமேல் பட்டது அதுதான் முதல் தடவை. வானொலியின் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

“எல்லாரும் ஒரு சாண்தான் விட்டிருக்கோம்” என்றாள் அவள். “அவங்கவங்க சாண்.”

“இவன் கை கையா, துடுப்பா?” என்று மிளகு முணுமுணுத்தான். ஒட்டகம் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. மணி ஒன்றரை.

“என்னுதை வெள்ளை அடிச்சு மறுபடி போடறேன்” என்றான் ஒட்டகம். சொன்னானே தவிர, தான் வரைந்த ரயிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“வானொலி, நீயும் உன் மீனை அழிக்கணும்” என்றான் மிளகு.

வானொலி ஒன்றும் பேசவில்லை. வானொலி பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று வகுப்புக்கே தெரியும்.

“யாரும் எதையும் அழிக்க வேண்டாம்” என்றாள் புதுப் பெண். “பாதை மேல ஏறுற இடத்துல படி போடலாம். இறங்குற இடத்துல சறுக்குமரம். என் அட்டைக்கு ஏறிவர ஓர் ஏணி.”

மூவரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு மிளகு, “எனக்கு அந்தப் பச்சை பிரஷ்ஷைக் குடு” என்றான்.

அட்டைகளைப் பின்பக்கம் ஒட்டினார்கள். ஒட்டகம் படி போட்டான். மிளகு சறுக்குமரம் வரைந்தான். “கொஞ்சம் நகரு, உன் முழங்கை என் மீனை மிதிக்குது” என்று மிளகை விரட்டியபடியே வானொலி ஏணியை முடித்தாள். அவள் வாய் திரும்பி வந்துவிட்டது.

“ஆமா, ஏன் இங்க ஒரே ஒரு பொண்ணு மட்டும் நிக்கறா?” என்று வானொலி கேட்டாள்.

“இன்னும் யாரும் வரல” என்றாள் அவள்.

சொல்லிவிட்டு இரண்டு பிரஷ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

டீச்சர் வந்து பார்த்தார். “படி, சறுக்குமரம் எல்லாம் திட்டத்துல இல்லையே?”

“நாங்க ஒழுங்கா பேசிக்கல டீச்சர்” என்றாள் வானொலி. “அதனால வந்தது.”

நால்வரும் டீச்சரோடு போய் ஆஸ்பத்திரிச் சுவரில் படத்தை மாட்டிய உடனே, கன்னம் வீங்கிய ஒரு பொடியன் விரலை வைத்து நடக்க ஆரம்பித்தான். படியில் விரல் தாவித் தாவி ஏறியது. சறுக்குமரத்தில் சர்ரென்று இறங்கியது. அங்கிருந்து திரும்பிப் போய் மறுபடியும் இறங்கியது.

அவள் கடைசி அட்டையின் அருகே போனாள். மஞ்சள் பாதையில் அந்தச் சிறுமி தனியாக இல்லை. பக்கத்தில் மூன்று பேர். ஒருவன் வீட்டுக் கூரையைவிட உயரம். ஒருவன் சிறுமியின் தோள் உயரம். ஒருத்தி வாயைத் திறந்தபடி. வண்ணம் இன்னும் காயவில்லை.

எப்போது வரைந்தார்கள்? அவள் பிரஷ் கழுவப் போன நேரமாக இருக்கும்.

மறுநாள் காலை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது ஜன்னலோர பெஞ்சில் வானொலி உட்கார்ந்திருந்தாள்.

“ஏய் படிக்கட்டு” என்று கத்தினாள், வகுப்புக்கே கேட்கும்படி. “உன் பையைக் கீழ வெச்சுட்டு உட்காரு. நிறைய பேசணும்.”

படிக்கட்டு பையைக் கீழே வைத்தாள்.