இருட்டுக் குடுவை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்தளத்து ஆய்வகத்துக்கு இறங்கும்போதே அவளுக்குக் கால்கள் கெஞ்சின. செய்த சோதனையையே திரும்பத் திரும்பச் செய்து, ஒழுங்காகத் தூங்கிப் பல வாரம் ஆகியிருந்தது.

போர்ஃபிரின் என்கிற கருஞ்சிவப்புச் சாயம்தான் அவள் வேலை. சர்க்கரையை ஒட்டவைத்தால் தண்ணீரில் நன்றாகக் கரையும். வெளிச்சம் பட்டால் பக்கத்து ஆக்சிஜனை உசுப்பிவிடும். அந்த ஆக்சிஜன் சாயமோ தோலோ, அகப்பட்டதை அரித்துத் தீர்க்கும். இருட்டில் சாயம் பரம சாது. அதனால் ஒரு குடுவையை விளக்கடியிலும், இன்னொன்றை அலுமினியத் தாள் சுற்றி இருட்டறையிலும் வைப்பாள். இருட்டுக் குடுவையில் எதுவும் மாறக் கூடாது.

மாறிக்கொண்டே இருந்தது.

நீதான் எங்கேயோ வெளிச்சத்தைக் கசியவிடுகிறாய் என்று பேராசிரியர் கடிந்துகொண்டார். இன்னொரு தடவை இப்படியானால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சாயத்தை முதலில் செய்தவர் அவளுக்கு மூத்தவர், ஆய்வகத்தில் எல்லாருக்கும் அக்கா. போன வருடம் அதே இருட்டறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதயம் நின்றுபோனவர்.

அன்று அவளே குடுவைக்குக் காவல் இருந்தாள். கதவிடுக்கில் துணியைத் திணித்துவிட்டு உட்கார்ந்தாள். இருட்டு கண்ணில் அப்பியது. சுவரில் எங்கோ காற்றுக்குழாய் முனகிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் அடங்கியது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

தாள் சரசரத்தது.

எழுந்து ஓட நினைத்தாள். உடம்பு அசையவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. ஈரமாக, சில்லென்று.

“நீ தூங்கும்மா. நான் பாத்துக்கறேன்.”

அக்காவின் குரல்தான். பயந்து நடுங்கியிருக்க வேண்டியவள், அசதி தாளாமல் தூங்கியே போனாள்.

விழித்து விளக்கைப் போட்டபோது தாள் உரிந்து கிடந்தது. குடுவையில் சாயம் வெளுத்து வெறும் தண்ணீராக நின்றது. எதையும் தொடாமல் மாடியேறி, இந்த வேலை வேண்டாம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெயில் பட்டதும் தோள் எரியத் தொடங்கியது.

வீட்டில் மகள்தான் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள்.

“அம்மா, இங்க ஒரு கை இருக்கு.”

ஐந்து விரலும் உள்ளங்கையுமாகச் சிவந்து கன்றியிருந்தது. அது ஆற நாளாயிற்று. ஆய்வகத்துப் பக்கமே அவள் பிறகு போகவில்லை. வீட்டில் நன்றாகத் தூங்கினாள். மகளும் பக்கத்தில் அயர்ந்து தூங்கினாள்.

ஒரு நாள் காலை, வாசல் வெயிலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் தோளைத் தேய்த்தபடி உள்ளே வந்தாள்.

“எரியுதும்மா.”