வரிசை நகரவில்லை, அம்மா!

போன் அலறியது!

"தம்பி... எங்கையடா நிக்கிறாய்?"

"லைன்லதான் அக்கா. இன்னும் லைன்லதான்!"

கட்டுநாயக்க விமான நிலையத்தின் குடிவரவு மண்டபம் அன்று காலை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைப் போல நிரம்பி வழிந்தது. அடுத்தடுத்து நான்கு விமானங்கள் இறங்கியிருந்தன. கவுண்டர்கள் வரிசையாக இருந்தன. அதிகாரிகள் மட்டும்தான் இல்லை. மூன்று கதிரைகளில் ஆள் இருந்தது, மற்றவை காற்று வாங்கின.

பிரதீபன் வெளிநாட்டுப் பாஸ்போட் வரிசையில் நின்றான். பாரிஸில் துணிக்கடை வைத்திருப்பவன். அழுதழுது இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன.

கண்டாவளையில், வீட்டு முற்றத்துப் பந்தலுக்குள், அவனுடைய அம்மா அன்னபாக்கியம் பெட்டியில் கிடந்தாள்.

தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன். அந்த வீட்டில் இருந்ததே ஒரு மகன்தான்!

"நாளைக்குச் சனிக்கிழமையடா." போனில் அக்கா அனோஜாவின் குரல் கம்மியது. "சனியில எடுக்கேலாது எண்டு ஊர்ச்சனம் சொல்லுது. ஞாயிறு வரைக்கும் அம்மாவை வச்சிருக்கவும் ஏலாது. இண்டைக்குப் பொழுது படமுதல் எடுக்கவேணும். வந்திடுவியா?"

"வருவன் அக்கா! நான் வராம எடுக்காதேங்கோ! அம்மாவின்ர முகத்தை ஒருக்காப் பாக்கவேணும்!"

"மாமாவின்ர சுமன் வானோட வெளியில நிக்கிறான். கெதியா வா தம்பி."

அக்கா போனை வைத்தாள்.

வரிசை ஓர் அடி நகர்ந்தது.

பிறகு நின்றது.

நின்றே விட்டது!

முன்னால் ஒரு சுற்றுலாக் குடும்பம் எதையோ தேடிப் பையைக் கவிழ்த்துக் கொட்டியது. அதிகாரி கொட்டாவி விட்டார். பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது.  பிரதீபன் வரிசைக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தான்.

காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"பின்னுக்குப் போங்க சேர்! எல்லாரும் லைன்லதானே நிக்கிறாங்க?"

"என்ர அம்மா செத்துப்போனா!" பிரதீபன் கத்தினான். "அங்க பிரேதத்தை வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கினம்! உங்களுக்கு அம்மா இல்லையா? மூண்டு கவுண்டரை வச்சுக்கொண்டு என்ன விளையாட்டு விளையாடுறீங்கள்?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

வரிசையில் அவனுக்கு முன்னால் கனடாவிலிருந்து வந்த ஒரு நடுவயதுப் பெண் நின்றாள். பேச்சில் முல்லைத்தீவு அப்படியே இருந்தது.

"இஞ்ச வாங்கோ தம்பி. எனக்கு முன்னால நில்லுங்கோ. என்ர அம்மா போகேக்கை நானும் இப்பிடித்தான்... நான் வந்து சேர எல்லாம் முடிஞ்சு போச்சு. உங்களுக்கு அப்பிடி ஆகக்கூடாது."

அவள் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு முன்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராய் விலகினார்கள். மனிதர்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை. கவுண்டர்கள்தான் கெட்டவை.

அதிகாரி பாஸ்போட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"திரும்பவுமா?" என்றார் ஆங்கிலத்தில்.

"அம்மா செத்துப்போனா," என்றான் பிரதீபனும் ஆங்கிலத்தில்.

அதிகாரி போனை எடுத்தார். சிங்களத்தில் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். வைத்தார்.

டக்!

முத்திரை விழுந்தது. பிரதீபன் ஓடினான்!

*

கண்டாவளை. செத்த வீடு. அன்று விடியற்காலை, பிரதீபனின் விமானம் இறங்குமுன்.

வாசலில் பறை அதிர்ந்தது. பந்தலுக்குள் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டின் பின்பக்கம், கிணற்றடியில், சப் இன்ஸ்பெக்டர் சுமித்திரா குந்தியிருந்தாள். வவுனியாக்காரி. வாய் நீளம். மூளை அதைவிட நீளம்.

கிணற்றுக்கட்டு விளிம்பில் கறுத்துப் போன ரத்தம்.

"புதன்கிழமை நீங்கள் வேலையால வந்து பாக்கேக்கை அம்மா இந்த இடத்திலதான் கிடந்தவாவோ?"

"ஓம் மேடம்." அனோஜா தலைகுனிந்து நின்றாள். ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவள். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு அம்மாவோடேயே இருந்துவிட்டவள். "தொட்டுப் பாத்தன்... குளிர்ந்து போய்க் கிடந்தா."

"தண்ணி அள்ளக் குனிஞ்சு வழுக்கினா முகம் குப்புற விழவேணும். இல்லாட்டி இருந்தபடி விழவேணும். இது பின்மண்டை. தோளில விரல் பதிஞ்சு கண்டிப்போன அடையாளமும் இருக்கு. ஆரோ தள்ளியிருக்கினம்!"

அனோஜா கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்டு. சொல்லக் கஷ்டமா இருக்கு." சுமித்திராவின் குரல் இறங்கியது. "உடன சாகேல்லை. விழுந்து ஒரு மணித்தியாலமாவது உயிரோட கிடந்திருக்கிறா. தள்ளின ஆள் ஒரு ஆம்புலன்ஸுக்கு அடிச்சிருந்தா இண்டைக்கு இந்தப் பறை அடிச்சிருக்காது எண்டு டொக்டர் சொல்லுறார்."

அனோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். 

குசினிக்குள் போனார்கள். அடுப்படியில் ஒரு பை. பக்கத்தில் நிலக்கடலைக் கோதுகள் குவியலாக. ஒரு சில்வர்க் கிண்ணத்தில் உடைத்த கச்சான்... சிவப்புத் தோலும் உரித்து, வெள்ளை வெளேரென்று!

"முறிகண்டிக் கச்சான்," என்றாள் சுமித்திரா.

கொழும்பிலிருந்து ஏ-ஒன்பது வீதியால் வருகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் வராது. கற்பூரம் கொளுத்த வேண்டும், கச்சான் வாங்க வேண்டும். கள்ளனும் நிற்பான், அவனைத் துரத்துகிற பொலிசும் நிற்கும்!

"நீங்கள் சாப்பிடுறனீங்களோ?"

"எனக்கு ஒத்துக்கொள்ளாது மேடம். உடம்பு தடிக்கும்."

"அம்மாவுக்கு வாயில ஒரு பல்லும் இல்லை. அப்ப ஆருக்கு உடைச்சவா?"

அனோஜா கிண்ணத்தையே பார்த்தாள்.  பிறகு குசினிக் கதவைச் சாத்தினாள்.

*

பின்னேர வெயில் சாயும்போது வான் வந்து நின்றது.

"அம்மா...ஆ...!"

பிரதீபன் பெட்டியின் மேல் விழுந்தான். அம்மாவின் கன்னத்தில் முகத்தை வைத்துத் தேய்த்தான். அந்த அழுகை நடிப்பில்லை. பார்த்த சனமெல்லாம் சேர்ந்து அழுதது.

"லைன்ல வச்சுச் சாக்காட்டிப் போட்டாங்கள் அக்கா!" அவன் விம்மினான். "ஒவ்வொரு நிமிசமும் நெருப்பில நிண்ட மாதிரி. அம்மாவைப் பாக்கவிடாமல்..."

"ஒரே ஓட்டமா ஓடி வந்தனாங்கள்," என்றான் மச்சான் சுமன். "முறிகண்டியில கூட நிப்பாட்டேல்லை. செத்த வீட்டுத் துடக்கோட கோயிலில நிக்கேலாதுதானே?"

கிரியை நடந்தது. வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. சனம் வழி விட்டது.

அனோஜா வந்து தம்பியின் முன்னால் நின்றாள். அவனுடைய கையில் கிண்ணத்தை வைத்தாள்.

பிரதீபன் குனிந்து பார்த்தான்.

அரிசி இல்லை!

கச்சான்! தோல் உரித்த கச்சான்!

முகத்தில் ரத்தமே இல்லை.  கிண்ணம் நழுவி விழுந்து, கச்சான் பந்தலெல்லாம் சிதறியது.

"உனக்கு ஆசையெண்டு உடைச்சவா." அனோஜா மெதுவாகச் சொன்னாள். "சின்னனிலயும் உனக்குத்தான் தோல் உரிச்சுத் தருவா. வேற ஆருக்கும் உரிக்கமாட்டா. எனக்குக் கூட இல்லை."

"நான்... நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான் அக்கா." அவன் உதடு தானாக அசைந்தது. "சாப்பிட நேரமில்லை எண்டு சொன்னனான். கேக்காம உடைச்சுக்கொண்டே இருந்தவா..."

பறை நின்றது.

கூட்டத்துக்குள்ளிருந்து சுமித்திரா வந்தாள்.

"எப்ப சொன்னனீங்கள் பிரதீபன்? புதன்கிழமையோ? அண்டைக்கு நீங்கள் பாரிஸில எல்லோ இருந்தனீங்கள்?"

அவன் மண்ணில் சரிந்து உட்கார்ந்தான்.

"சென்னைக்குத் துணி எடுக்க வந்தனான். அப்பிடியே இஞ்ச... அக்காவுக்குத் தெரியாம. இந்தக் காணியை என்ர பேருக்கு எழுதித் தாங்கோ எண்டு கேட்டன். 'அனோஜாவுக்கு வேற என்னடா இருக்கு, அது அவளுக்குத்தான்' எண்டா. கிணத்தடி வரைக்கும் பின்னால போய்க் கெஞ்சினன். கோவத்தில தோளைப் பிடிச்சுத் தள்ளிப் போட்டன். ஒரே ஒரு தள்ளுத்தான் மேடம்! சாகவேணும் எண்டு நினைக்கேல்லை!"

"மூச்சு இருந்ததோ?"

அவன் சிதறிக் கிடந்த கச்சானையே பார்த்தான்.

"சொல்லடா!" அனோஜா கத்தினாள். அந்தக் குரல் அவளுடையது போலவே இல்லை. "அம்மாவுக்கு மூச்சு இருந்ததோ?"

"இருந்தது... என்னைப் பாத்தவா. கையைப் பிடிச்சவா."

"பிறகேன்ரா விட்டிட்டுப் போனனீ?"

"பயம் அக்கா. இரவுக்குச் சென்னை ஃப்ளைட். ஏர்போட்டில லைன் பெருசா இருக்கும், இப்ப வெளிக்கிட்டாத்தான்... எண்டு..."

அவனால் முடிக்க முடியவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. 

லைனுக்குப் பயந்து தாயைக் கிணற்றடியில் போட்டுவிட்டுப் போனவன், அதே லைனில் நின்று தாயைப் பார்க்க அழுதிருக்கிறான்!

"கச்சானைப் பாத்த உடன எனக்குத் தெரியும் தம்பி." அனோஜாவின் கண்ணீர் இப்போதுதான் இறங்கியது. "வெள்ளிக்கிழமை காலமை வந்திறங்குவன் எண்டு நேற்றே சொல்லிப்போட்டாய். உன்னைக் காட்டிக் குடுக்க மனம் வரேல்லை. இண்டைக்கு விடியத்தான் மேடத்துக்குச் சொன்னனான். நீ ஒருக்கா வந்து சேரட்டும் எண்டு கேட்டனான். அம்மா உனக்காகத்தான் காத்துக்கொண்டு கிடந்தவா."

"கட்டுநாயக்கவில உங்களைப் போகவிடச் சொன்னது நான்தான்," என்றாள் சுமித்திரா. "மண்டபத்தில வச்சு மறிச்சிருந்தா அந்த லைன் இன்னும் நீண்டிருக்கும். பாவம் சனம்!"

பிரதீபன் அவளுடைய காலைப் பிடித்தான்.

"மேடம்... கொள்ளியை மட்டும் வச்சிட்டு வாறன். அதுக்குத்தானே வந்தனான்! அதுக்குப் பிறகு தூக்கில போடுங்கோ!"

சுமித்திரா தலையை ஆட்டினாள். இம்முறை அவளுடைய குரலிலும் கேலியில்லை.

"இது கொலை வழக்கு. திரும்பத் தோண்டிச் சோதிக்க வேண்டி வரும், இனி அம்மாவை எரிக்கேலாது. மண்ணில தாக்கத்தான் வேணும். கொள்ளி இல்லைப் பிரதீபன்."

அவன் நெற்றியை மண்ணில் முட்டினான். 

"ஒரு பிடி மண்ணாவது போடட்டும் மேடம்," என்றாள் அனோஜா. "முதல் பிடி அவன்ர கையால விழட்டும். அம்மாவுக்கு அது போதும்."

பொழுது படுவதற்குள் அன்னபாக்கியத்தைத் தாட்டார்கள். ஊரே வரிசையாக மண்ணெடுத்து நின்றது. வரிசையில் முதல் ஆள் பிரதீபன். அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவன் நகரவில்லை. அக்காதான் பிடித்துக் கொண்டுபோய் மண்ணைப் போட வைத்தாள். பிறகு கையை விட்டாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

ஜீப் புறப்பட்டது.

"மறியற்சாலையில... எப்பிடி மேடம் இருக்கும்?" விலங்கிட்ட கையைப் பார்த்தபடி கேட்டான் அவன்.

சுமித்திரா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

"அங்கையும் லைன்தான். சோத்துக்கு லைன், குளிக்க லைன், கக்கூசுக்கும் லைன். ஆனா ஒரு வசதி இருக்கு பிரதீபன்... அங்க ஆருக்கும் ஃப்ளைட்டுக்கு நேரம் பிந்தாது!"