காயாத தரை

காலையில் மெழுகிய தரை பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டது, உள்ளறையில் ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஒரு சோற்றுத்தட்டு அகலம்தான் இருக்கும். தீர்த்தம்மாள் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

வீட்டை விற்பதென்று ஆகிவிட்டது. பென்னாகரத்திலிருந்து புகையிலை வியாபாரி ஒருவர் நாளைக்குக் குடும்பத்தோடு பார்க்க வருகிறார். அவர் கண்ணில் ஒரு குறையும் படக்கூடாது என்று கொழுந்தன் மாதையன் சொல்லியிருந்தான். உடைந்த ஓடுகளை மாற்றி, சுவர் விரிசல்களில் செம்மண் அப்பி, சுண்ணாம்பு அடித்து, தரை முழுக்கச் சாணி மெழுகியாயிற்று. அத்தனையும் அவள் கைவேலை. சுண்ணாம்பு தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஆனாலும் முகம் சுளிக்காமல் செய்தாள். மாதையன் பொம்மிடி ரயிலடியில் கடை வைக்கப் போகிறான், கடைக்குப் பின்னால் அண்ணிக்கு ஓர் அறை என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். போக்கிடம் இல்லாதவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவள் புருஷன் சின்னக்கண்ணு போனது யுத்த காலத்தில். தாய் செத்த துக்கத்துக்குத் தீர்த்தமலை போனவள், காரியம் முடிந்து திரும்பியபோது வீட்டில் அவனில்லை. மாதையன் தலையைக் குனிந்துகொண்டு, யாரோ ஒருத்தியோடு அண்ணன் கோலார் சுரங்கத்துக்குப் போய்விட்டான் என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அவள் நம்பினாளா? நம்பினாள். ஓர் ஆளை அனுப்பிக்கூட விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து புருஷனைச் சபிக்காமல் அவள் படுத்ததில்லை. கஞ்சி ஊற்றிய கொழுந்தனைத் தெய்வமாக நினைத்தாள்.

வெளியே தூறல் பிடித்திருந்தது. ஓட்டில் சொட்டும் மழையின் வாடையும், ஈரச் சுண்ணாம்பின் காரமும், சாணியின் பச்சை வாசமும் அறையில் நிறைந்திருக்க, அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு நெடி மெல்ல ஏறிவந்தது, நாள்பட்ட ராகி ஈரம்பட்டுப் புளித்துப்போனால் வருமே, அந்த நெடி. அகல் விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மறுபடியும் கையை வைத்து அழுத்தினாள். தரை அமுங்கியது. பிறகு, அவள் கையை எடுக்காமலே, மேலே எழும்பியது.

கையை இழுத்துக்கொண்டாள். கீழே ஏதோ உரசியது. அவள் மூச்சை அடக்கினால் அதுவும் நின்றது. மூச்சு விட்டால் மறுபடி உரசியது. எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எலிக்கு அவள் மூச்சோடு என்ன கணக்கு?

பயந்தவள் ஓடியிருக்கலாம். நாளைக்கு ஆள் வரும்போது இந்த ஈரத்தால் விலை கெட்டுப்போனால் பொம்மிடி அறையும் போயிற்றே என்ற நினைப்புதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. களைக்கொத்தை எடுத்து ஈரமண்ணைச் சுரண்டினாள். நாலு விரல் ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. வட்டமான பலகைக்கல், சுற்றிலும் களிமண் பூச்சு.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. ராகிக் குழி. அறுவடையான ராகியை நிலத்துக்குள் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. எல்லார் வீட்டிலும் உண்டு, முற்றத்தில். வீட்டுக்குள் யாரும் தோண்டுவதில்லை.

"என்ன அண்ணி பண்றீங்க?"

மாதையன் நிலைப்படியில் நின்றான். கோபப்படவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினான். யுத்தத்துக்குத் தானியம் அளந்தெடுக்கச் சர்க்கார் ஆட்கள் வந்த காலத்தில், ஒளித்து வைப்பதற்காக அண்ணனும் தானும் தோண்டியது, அண்ணி அப்போது ஊரில் இல்லை என்றான். பேசிக்கொண்டே கதவோரத்துக் கடப்பாரையை எடுத்து விட்டு நெம்பினான். கல் புரண்டது. குடம் போல வாய் குறுகிய குழி. கருப்பு. புளித்த நெடி முகத்தில் அறைந்தது.

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் ராகி கெடக்குது, அள்ளிட்டா மூடிறலாம். காலையிலயே தொறந்து காத்தாட வுட்டுட்டேன். எறங்கிப் பாருங்க."

தீர்த்தம்மாள் அசையவில்லை. மூடிக்கிடந்த குழிக்குள் உடனே இறங்கக்கூடாது. ஒரு பகல் திறந்துபோட்டு, விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால்தான் இறங்கவேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் கெட்ட காற்று சத்தமில்லாமல் ஆளை அடித்துவிடும். குழந்தைக்கும் தெரியும். திறந்தவன் ஒருவன், இறங்குகிறவன் ஒருவன். காற்றாட விட்டேன் என்று கூடப்பிறந்தவன் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அகலைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். குழியின் கழுத்தைத் தாண்டவில்லை. அணைந்தது.

கூரையிடுக்கில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் எழுந்து, குழிக்கு முதுகைக் காட்டி, அவனைப் பார்த்து நின்றாள்.

"காலையில இந்த எடத்த மெழுகுனது நானு, தம்பி."

அவன் கடப்பாரையைச் சுவரில் சாத்தினான்.

"அவருகிட்டயும் இதையேதான் சொன்னியா?"

"அண்ணன் வூட்ட விக்க ஒத்துக்கல அண்ணி." பாசமாகத்தான் சொன்னான், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில். பிறகு மூலையில் குந்தி, மீதமிருந்த செம்மண்ணில் தண்ணீர் ஊற்றிப் பிசைய ஆரம்பித்தான்.

எத்தனை வருஷம் இவன் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தாள். புருஷன் செத்துக்கிடந்த இடத்துக்கு மேல் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, அவனையே சபித்தாள். நெஞ்சு வெந்தது.

பின்னால் ராகி சரிகிற சத்தம்.

மெல்ல. பிடிபிடியாக. எதுவோ ஏறிவருகிறது.

மண் பிசையும் கை நின்றது. மாதையன் அவளைத் தாண்டிக் கீழே எதையோ பார்த்தான். பார்த்தவன் சுவரோடு ஒண்டினான்.

அவள் திரும்பவில்லை. அவர்தான். அவரைக் கொன்றவன் எதிரே இருக்கிறான். வந்து பிடிக்கட்டும். அவளுக்கு முதல்முறையாகப் பயம் விட்டது.

குளிர்ந்த விரல்கள் அவள் கணுக்காலைத் தொட்டன.

மாதையனை அல்ல. அவளை.

விரல்களில் சதையில்லை. ஈர ராகி மட்டும் ஒட்டியிருந்தது. இதமாகத்தான் பிடித்தன, கல்யாணத்தன்று மெட்டி போடப் புருஷன் பிடித்தது போல. பாதத்தின் மேல் ஊர்ந்தன. ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தன. பெருவிரலுக்கு அடுத்த விரலில் வந்து நின்றன.

அங்கே மெட்டி இல்லை. கோலார் என்று கேள்விப்பட்ட அன்றே கழற்றி எறிந்துவிட்டாள்.

இன்னொரு தரம் தடவின.

பிறகு பிடி இறுகியது.