வகுப்பில் மனிதர் இல்லை

குழந்தைவேலு மறுபடியும் அரையையும் காலையும் கூட்டி, ஆறில் இரண்டு என்று எழுதி, ஒளித்தாளைப் பெருமையாகத் திருப்பிக் காட்டியது.

"ஏலே, ஒனக்கு மூளைன்னு ஒண்ணு வச்சாங்களா இல்லையா?" என்றாள் பிரகாசி. "அரையும் காலும் சேந்தா முக்கால்தானே?"

"அது தெரியும் புள்ள. வாயில சொன்னா வெளங்குது. தாள்ல எழுதுனாத்தான் எல்லாம் கலங்கிப் போவுது. இன்னொருக்கா சொல்லு."

பிரகாசி தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நன்றாகப் பதிந்துகொண்டிருந்தது. கல்லூரிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூத்தோர் இணையக் கல்லூரியில் சேர்ந்த அன்றே அவளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் அவள் ஒருத்திதான் மனுஷி. மற்ற மாணவர்கள் எல்லாம் தோழுருக்கள், அதாவது கூடப் படிப்பதற்கென்றே செய்த எந்திர உருவங்கள். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று சிலதை மந்தமாகவே செய்திருக்கிறார்களாம். கோட்டுச் சித்திரம் போன்ற முகம், தகரத்தைத் தட்டியதுபோல் குரல். அதன் முன்னால் யாருக்கு என்ன வெட்கம்?

வெட்கம்தான் அவளை முப்பது வருஷமாகப் படிக்கவிடாமல் வைத்திருந்தது. பத்தாம் வகுப்பில் தோற்றவள். நடுக்கடல் காற்றாலை மேடையில் அவளுக்கு வேலை. வேலை என்றால், எல்லாவற்றையும் எந்திரங்கள் பார்த்துக்கொள்ளும், சட்டப்படி ஒரு மனித உயிர் அங்கே இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். அந்த உயிராக இருந்து இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது. மின்வலைப் பட்டயம் வாங்கினால் கரையில், நாலு பேர் நடமாடும் இடத்தில் வேலை. அதற்காகத்தான் இந்தப் பாடு.

தேர்வு முடிவு வந்தது. தேறியிருந்தாள். மேடையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடினாள். பிறகு, யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது கால் தானாக நின்றது. புருஷன் விட்டுப்போனவன். கரையில் இருந்த உறவெல்லாம் எப்போதோ பேச்சை நிறுத்திவிட்டது. கடைசியில் அவள் மனத்துக்கு வந்த ஒரே பெயர் குழந்தைவேலு. ஒரு எந்திரத்திடம் போய்ச் சொல்லிச் சந்தோஷப்படுவதா என்று தன்னையே கேலி செய்துகொண்டாள்.

முடிவின் அடியில் இன்னொரு பக்கம் இருந்தது. தேறியவர்களுக்கு மட்டும் திறப்பது.

"உங்கள் வகுப்பில் எந்திரம் எதுவும் இல்லை. எல்லோரும் உங்களைப்போல் படிக்க வந்த மனிதர்களே. முகத்தையும் குரலையும் மட்டும் மாற்றி, அவர் ஒருவர்தான் மனிதர் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னோம். பெரியவர்கள் எந்திரத்திடம்தான் கூச்சமின்றிச் சந்தேகம் கேட்கிறார்கள். இன்னும் தேறாதவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்."

பிரகாசிக்கு முதலில் வந்தது கோபமல்ல, வெட்கம். ஒரு பெரிய மனிதரை வாய்க்கு வாய் 'ஏலே' என்றிருக்கிறாள். ஒருநாள் அவர், "இன்னிக்கு எங்கூட்டுக்காரிக்குத் தெவசம் புள்ள" என்று ஆரம்பித்தார். "இதெல்லாம் யார்லே ஒனக்கு எழுதிக் குடுக்கான்? கணக்கைப் போடு" என்று இவள் சொன்னாள். அவரும் கணக்கைப் போட்டார்.

பிறகுதான் சந்தோஷம் வந்தது. அப்படியானால் இத்தனை காலமும் ஒரு மனிதர் அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்! கல்லூரியின் எச்சரிக்கை அவள் நினைவிலேயே இல்லை. உடனே அழைத்தாள்.

"என்ன புள்ள, பாஸா? உன்னைய அவனுக ஃபெயிலாக உட்டுருவானுகளா!" என்றார் குழந்தைவேலு. அவருக்குக் கணக்குத் தேர்வு இன்னும் பாக்கி.

"அண்ணாச்சி," என்றாள் பிரகாசி. அவளை அறியாமல் வந்தது. "நான் எந்திரம் இல்ல. மனுசி. வேம்பாருதான் எனக்கு ஊரு. இங்க கடலுக்கு நடுவுல ஒத்தையில கெடக்கேன்."

கோட்டு முகம் அசையவில்லை.

"நெசமாலுமே மனுசிங்களா நீங்க?"

அந்த 'நீங்க' அவளுக்கு இனித்தது. யாரோ அவளை நிஜமாக ஏறிட்டுப் பார்த்ததுபோல் இருந்தது.

"அப்ப நான் கேட்டதெல்லாம் ஒரு பொம்பளகிட்டயா கேட்டேன்? அரையுங் காலுங் கூட்டத் தெரியலீன்னு?" அந்தத் தகரக் குரல் நடுங்கியது. "தறிப் பட்டறையில நாப்பது பேருக்கு மேஸ்திரிங்க நானு. என்ற மாப்பிள்ளை இன்ஜினியருங்க. அவரு முன்னால பேனாவையே கையில எடுக்கமாட்டேன். போச்சு, மானமே போச்சு. எனக்கு இந்தப் படிப்பே வேண்டாமுங்க. பரீட்சைக்கு நான் போகலீங்க. வெச்சர்றேன்."

ஒளித்தாளை அணைக்க அவர் கை நீண்டது. அணைத்துவிட்டால் அவர் திரும்ப வரமாட்டார் என்பது பிரகாசிக்குத் தெரிந்தது. படிப்புக்கும் வரமாட்டார், அவளிடமும் வரமாட்டார்.

"ஏலே, நில்லு!" என்று அதட்டினாள். "சும்மா சொன்னேன். ஒனக்குக் கூச்சம் போயிருச்சான்னு பாக்கச் சொல்லி கல்லூரிக்காரங்க வச்ச சோதனை இது. நான் எந்திரந்தான்."

"நெசமாவா?"

"எந்திரம் எங்கயாவது பொய் சொல்லுமாலே?"

எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு.

"கொஞ்ச நேரத்துல உசுரே போயிருச்சு புள்ள. அவ போனதுக்கப்புறம் நான் மனசுவிட்டுப் பேசறது உன்றகிட்ட மட்டுந்தான். நல்லவேளை, நீ மனுசி இல்லே."

பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோட்டுச் சித்திரத்தில் கண்ணீர் தெரியாது.

"சரி, தாளை எடு," என்றாள். "கீழ இருக்க எண்ணை மொதல்ல பாரு."